டிவிக்கு என்ன ஆச்சு? சின்ன அறை வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் டிவி மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் டிவி இருப்பது பத்துக்குப் பத்து அறையில். ஒரு கட்டில், ஒரு பீரோ, மிச்ச இடத்தில் டிவி.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் 43 இஞ்ச் டிவியைச் சரக்கு ஆட்டோவில் படுக்கப் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார். நான் கேட்டது ஒரே கேள்வி: "ரிமோட்டில் சோர்ஸ் அமுக்கிப் பார்த்தீங்களா அண்ணா?" இல்லை என்றார். டிவியை ஆன் செய்ததும் தெரிந்தது, சோர்ஸ், அதாவது எந்தத் துளையிலிருந்து படம் எடுக்க வேண்டும் என்ற தேர்வு, மாறியிருந்ததைத் தவிர வேறு கோளாறு இல்லை. ஆனால் வழியில் பட்ட குலுக்கலில் திரையின் ஓரம் விரிசல் விட்டிருந்தது. ஒரு பட்டனில் முடிந்திருக்க வேண்டியது, புது டிவி வாங்குவதில் முடிந்தது. அன்றிலிருந்து போனில் கூப்பிடும் எல்லோரிடமும், டிவியைத் தூக்குவதற்கு முன்னால் வீட்டிலேயே எதெதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வரிசைதான் இது. தலைப்புகளில் இருப்பது நீங்கள் போனில் சொல்லும் வார்த்தைகள்.

இரண்டு விஷயம் எல்லாவற்றுக்கும் பொது. தட்டை டிவியை எப்போதும் நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும், நிமிர்த்தித்தான் ஏற்றிச் செல்ல வேண்டும். பின்மூடியை நீங்கள் கழற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பவர் போர்டின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். வாரண்டி போவது அடுத்த கவலை, முதல் கவலை உங்கள் கை.

"பெரிய டிவி வாங்கியும் படம் கிளியராவே இல்ல"

முதலில் யூடியூபில் ஒரு புதுப் பாட்டை டிவியிலேயே ஓடவிடுங்கள். அது பளிச்சென்று இருந்தால் டிவி நன்றாக இருக்கிறது, குறை கேபிள் பக்கம்.

அப்படியானால் செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு வரும் ஒயரைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட பழைய ஏவி ஒயராக இருந்தால் அதுதான் காரணம். பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்த ஒயருக்கு மாற்றுங்கள். மாற்றியும் போதவில்லையா? பாக்ஸின் செட்டிங்கில் வெளியீடு 1080 என்று இருக்கிறதா பாருங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் சேனலே சாதாரண சேனல், எச்டி இல்லை. சாதாரண சேனலின் படம் 720-க்கு 576 புள்ளி, மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம். 4கே டிவியில் இருப்பது கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. ஒரு புள்ளியை இருபதாக இழுத்து நிரப்பும்போது முகமெல்லாம் மாவு பூசியது போலத்தான் தெரியும். கிட்டே உட்கார உட்கார இன்னும் மோசம். எச்டி சேனல் போட வேண்டும், இல்லையென்றால் தள்ளி உட்கார வேண்டும்.

தள்ளி உட்கார இடமில்லையென்றால் டிவியின் அளவுதான் தப்பு. அதை வாங்கிய பிறகு திருத்த முடியாது என்பதால், வாங்கப் போகிறவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். டிவி வரப்போகும் சுவரிலிருந்து, நீங்கள் உட்காரும்போது தலை இருக்கும் இடம்வரை டேப் வைத்து அளங்கள். 4 முதல் 5½ அடி என்றால் 32 இஞ்ச். 5½ முதல் 8 அடி என்றால் 43. பத்தடி அறையில் கட்டிலும் காலும் போக ஆறு, ஆறரை அடிதான் மிஞ்சும். வீட்டில் ஓடுவது முக்கால்வாசி சாதாரண கேபிள் சேனல் என்றால் அந்த ஆறடிக்கும் 32-ஐயே வாங்குங்கள் என்பேன். 55 வேண்டும் என்று பையன்கள் அடம் பிடிப்பார்கள். அந்த அறைக்கு வேண்டாம்.

கடையில் சொல்லும் இஞ்ச், மூலைக்கு மூலை அளவு. அகலத்தில் 32 இஞ்ச் டிவி சுமார் 71 சென்டிமீட்டர், 43 இஞ்ச் சுமார் 95. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் 21 இஞ்ச் பெட்டி டிவிக்கென்று சிமெண்டில் கட்டிய ஷோகேஸ் இருக்கும். அகலம் இரண்டடிதான். அதற்குள் 32 நுழையாது, 24 நுழையும். ஷோகேஸை இடிக்காதீர்கள். வாயின் குறுக்கே ஒரு நல்ல மரப் பலகையை இரண்டு பக்கச் சுவரிலும் அடித்து, அதன் மேல் டிவியை மாட்டலாம். பின்னால் காற்று போகும், பாக்ஸையும் ஒயரையும் உள்ளே ஒளிக்கலாம். நான் மாட்டியதில் எனக்கே ரொம்பப் பிடித்த அமைப்பு இதுதான்.

"பகல்ல எங்க மூஞ்சிதான் தெரியுது"

டிவிக்கு எதிரே ஜன்னலோ கதவோ இருக்கும். கெட்டியான திரைச்சீலை போடுங்கள். போதாவிட்டால் ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவருக்கு டிவியை மாற்றுங்கள். டியூப்லைட் எதிரொளித்தால் டிவி பார்க்கும்போது அதை அணைத்துவிட்டு, டிவி இருக்கும் சுவரிலேயே ஒரு சின்ன பல்பு போட்டுக்கொள்ளுங்கள், கண்ணும் உறுத்தாது.

கலரும் வெளிச்சமும் கண்ணைக் குத்துகிறது, குறைத்து வைத்தாலும் தானாகப் பழையபடி ஏறிக்கொள்கிறது என்றால் டிவி கடை மோடில் இருக்கிறது. செட்டிங்கில் வீட்டு மோடுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

"கீழே உட்கார்ந்தா படம் வெளிறுது, கழுத்தும் வலிக்குது"

டிவி உயரத்தில் இருக்கிறது. சாமி படம் மாட்டும் உயரத்தில் டிவியை மாட்டச் சொல்கிறவர்கள் நிறைய. குழந்தைகள் கை வைப்பார்கள் என்ற பயம் நியாயம்தான், ஆனால் நிறைய டிவிகளில் கீழேயிருந்து பார்த்தால் கறுப்பு சாம்பலாகிவிடும்.

முதலில் பட மோடை மாற்றிப் பாருங்கள். அடுத்து, கீழ்நோக்கிச் சாயும் வகை ஸ்டாண்டாக மாற்றலாம், செலவு குறைவு. கடைசி வழி, கீழே இறக்கி மாட்டுவது. பாயில் உட்கார்ந்தால் கண் இரண்டரை அடியில் இருக்கும், கட்டிலிலோ சேரிலோ என்றால் மூன்றரை அடியில். ராத்திரி சாப்பாடு தரையில், அப்புறம் கட்டில் என்று இரண்டும் நடக்கிற வீட்டில் டிவியின் கீழ் விளிம்பைத் தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று அடிக்குள் வைக்கிறேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

"மாட்டின டிவி முன்னாடி சாயுது"

இதைப் படிக்கும்போதே உங்கள் டிவி சாய்ந்திருந்தால் முதலில் இரண்டு பேராகப் பிடித்துக் கழற்றிக் கட்டிலில் மெத்தைமேல் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் டிவி மேசை மேல் தினமும் காலையில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள் கிடந்திருக்கிறது. அந்த வீட்டு அம்மா தினமும் துடைத்துவிட்டிருக்கிறார். மேலே பார்த்தால் ஸ்டாண்டின் மேல் ஸ்க்ரூ இரண்டும் பிளாஸ்டிக் கிரிப்போடு சேர்ந்து ஒரு விரல் அகலம் வெளியே வந்திருந்தன. இன்னும் சில நாளில் கீழே விளையாடும் குழந்தைமேல் விழுந்திருக்கும். சுவருக்குக் கீழே தூள் கண்டால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

காரணங்களை எளிதிலிருந்து பார்ப்போம். டிவிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவிலுள்ள ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், முறுக்கினால் போதும். அங்கே வேறு நீளத்து ஸ்க்ரூ போடாதீர்கள். நீளம் கூடினால் நுனி உள்ளே போய்த் திரையைப் பின்னாலிருந்து குத்தும். எந்த அளவு என்று டிவியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

ஸ்டாண்டு கைபோல வெளியே இழுக்கும் வகையா? டிவியை வெளியே இழுக்க இழுக்க மேல் ஸ்க்ரூவுக்கு விழும் இழுவை பல மடங்கு. சின்ன அறைக்கு அது தேவையே இல்லை, சுவரோடு ஒட்டும் வகையே நல்லது.

இதெல்லாம் சரியாக இருந்தும் சாய்கிறது என்றால் சுவர்தான் பிரச்சினை. ட்ரில் போடும்போது வரும் தூளே சுவரைச் சொல்லிவிடும். சிவப்புத் தூள் என்றால் செங்கல்: 8 மில்லிமீட்டர் துளை, கிரிப்பு, நீள ஸ்க்ரூ, கவலையில்லை. ஆனால் செங்கலில்தான் போட வேண்டும், இரண்டு செங்கலுக்கு நடுவிலுள்ள சாந்தில் அல்ல. கரகரவென்று சாம்பல் தூள் சீராக வந்தால் கான்கிரீட், அது இன்னும் நல்லது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கருங்கல் சுவர் வரும். சாதாரண ட்ரில் அங்கே தேய்ந்துதான் போகும், ஹாமர் ட்ரில் வேண்டும். துளை விழுந்துவிட்டால் அதைப்போல் பிடிக்கும் சுவர் வேறில்லை.

சாம்பல் தூள் வந்துகொண்டிருக்கும்போதே ட்ரில் திடீரென்று வழுக்கி உள்ளே போனால் அது ஹாலோ பிளாக். பத்து வருடமாக இங்கே கட்டும் வாடகை வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். உள்ளே பொந்து, கிரிப்பு பிடிக்க ஒன்றுமில்லை. நாலு ஸ்க்ரூவை நம்பக் கூடாது. முக்கால் இஞ்ச் பிளைவுட் பலகையை அகலமாக வெட்டி, பொந்துக்கென்றே விற்கும் விரியும் போல்ட்டுகளைப் பல இடத்தில் பரப்பிப் போட்டு, பலகையில் டிவியை மாட்ட வேண்டும். பக்கத்தில் கான்கிரீட் தூணோ லிண்டலோ இருந்தால் பலகையை அதுவரை நீட்டினால் இன்னும் உறுதி. இது கை பழகியவர் செய்ய வேண்டிய வேலை. மண் சுவரில் மாட்டவே வேண்டாம், மேசைதான்.

ஓசூரில் சிப்காட் வேலைக்கு வந்து வாடகை அறையில் இருக்கும் தம்பிகளுக்கு ஆணியே அடிக்கக் கூடாது என்று ஓனர் சொல்லியிருப்பார். அவர்களும் மேசை மேல் வைத்து, ஸ்டாண்டின் காலை மேசையோடு ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள். இன்னொன்று: சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். உள்ளே ஒயர் அந்த வழியாகத்தான் ஓடும்.

"சிக்னல் இல்லைன்னு வருது"

ரிமோட்டில் சோர்ஸ் பட்டன். செட்டாப் பாக்ஸ் சொருகிய துளையின் பெயர் எச்டிஎம்ஐ 1 என்றால் அதையே தேர்ந்தெடுங்கள். இதற்காகத்தான் அந்த அண்ணன் பென்னாகரத்திலிருந்து வந்தார்.

ரிமோட்டே வேலை செய்யவில்லையா? செல்போனின் முன் கேமராவுக்கு நேராகப் பிடித்து பட்டனை அமுக்குங்கள். நுனியில் வெளிச்சம் மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. மின்னாவிட்டால் பேட்டரி, இல்லை ரிமோட்.

சோர்ஸ் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கி இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். அடுத்து ஒயரை டிவியின் வேறு எச்டிஎம்ஐ துளையில் சொருகிப் பாருங்கள். ஒரு துளை மட்டும் செத்திருந்தால், அதுவும் சித்திரை, வைகாசி இடி மழைக்கு மறுநாள் என்றால், கேபிள் வழியாக வந்த மின்னல் அதிர்ச்சிதான் பெரும்பாலும் காரணம். மற்ற துளை வேலை செய்கிறவரை அதையே பயன்படுத்துங்கள், போர்டு மாற்ற அவசரமில்லை. எல்லாத் துளையும் செத்திருந்தால்தான் மெக்கானிக். கோடை மழைக்கு மேகம் கட்டினாலே டிவி பிளக், பாக்ஸ் பிளக், கேபிள் ஒயர் மூன்றையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

பாக்ஸின் மெனு திரையில் வருகிறது, சேனல் மட்டும் வரவில்லை என்றால் டிவியை விட்டுவிடுங்கள். அரசு கேபிளோ தனியார் கேபிளோ, அது கேபிள்காரர் வேலை. டிஷ் வைத்திருப்பவர்கள் மழை நின்றும் வரவில்லை என்றால் மாடி ஏறி, டிஷ் நகர்ந்திருக்கிறதா, எதிரே மரக்கிளை வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிடி ஃப்ரீ டிஷ் என்றால் நம் ஊரிலிருந்து அது தென்கிழக்கே பார்த்திருக்க வேண்டும், அந்தச் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது.

"தானா அணையுது" / "ஆன் ஆகி ஆன் ஆகி ஆஃப் ஆகுது"

தினமும் ஒரே நேரத்தில் அணைந்தால் ஸ்லீப் டைமர். பாக்ஸை அணைத்த கொஞ்ச நேரத்தில் டிவியும் அணைந்தால் அது சிக்னல் இல்லாததால் தானாக அணைவது, கோளாறு இல்லை.

கண்ட நேரத்தில் அணைந்தால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, ஆடுகிறதா? சின்ன அறைகளில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் டிவி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர், சில சமயம் இஸ்திரிப் பெட்டியும் தொங்கும். டிவியை நேராகச் சுவர் பிளக்கில் போட்டு ஒரு நாள் பாருங்கள்.

அடுத்தது வோல்டேஜ். டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் லோ வோல்டேஜுக்கு அது பயப்படாது. அடிப்பது ஹை வோல்டேஜ்தான். பாலக்கோடு பக்கம் ஒரு தெருவில் ஒரே ராத்திரியில் நாலு வீட்டு டிவி போனது. போய்க் கேட்டால், "ஃபேன் அன்னைக்கு ரொம்ப வேகமாச் சுத்துச்சு, பல்பு பளீர்னு எரிஞ்சுது, எதிர்வீட்ல மங்கலா எரிஞ்சுது" என்றார்கள். கம்பத்தில் நியூட்ரல் ஒயர் விட்டுப்போயிருந்தது. 230 வர வேண்டிய வீட்டுக்கு 300-க்கு மேல் ஏறிவிடும். ஃபேனும் பல்பும் இப்படி வித்தியாசமாக நடந்தால் யோசிக்காமல் மெயின் சுவிட்சை இறக்குங்கள். அப்புறம் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். லைன்மேன் வந்து சரி என்று சொல்லும்வரை ஏற்றாதீர்கள்.

அடிக்கடி இப்படி ஆகும் ஊர் என்றால் ஹை வோல்டேஜில் துண்டிக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் வாங்குங்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் அந்த வசதியைத்தான் கேட்க வேண்டும்.

வோல்டேஜும் சரி, பிளக்கும் சரி, ஆனால் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது, லோகோ வந்து வந்து போகிறது என்றால் பவர் போர்டோ மெயின் போர்டோ பழுது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். விளக்கு எத்தனை முறை மின்னி நிற்கிறது என்று எண்ணிச் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

"சத்தம் வருது, படம் வரல"

அறையை இருட்டாக்குங்கள். டிவியை ஆன் செய்து, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே ஆள் நடமாடுவது நிழல்போல் தெரிந்தால் பேனல், அதாவது படம் காட்டும் திரை, உயிரோடு இருக்கிறது, பின்னால் எரியும் எல்இடி பட்டைதான் போயிருக்கிறது. அதை மாற்றலாம், புது டிவி வேண்டாம். "பேனல் போச்சு" என்று யாராவது சொன்னால் இந்த டார்ச் சோதனையை அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள். மாற்றிய பிறகு பேக்லைட் அளவை நூறில் வைக்காமல் பாதிக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள், சின்ன அறைக்கு அதுவே தாராளம், பட்டையும் நாள்படும்.

நிழலே தெரியவில்லை என்றால் போர்டாக இருக்கலாம், பேனலாகவும் இருக்கலாம். அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"பேசறது புரியல"

தட்டை டிவிக்கு ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்திருக்கும். ஷோகேஸ் உள்ளே வைத்தால் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும், வெளியே இழுங்கள். ஒலி செட்டிங்கில் பேச்சைத் தூக்கிக் கொடுக்கும் மோடு இருக்கும், அதைப் போடுங்கள். ஷீட் கூரை, வெறும் சுவர் என்றால் எதிரொலி அதிகம், திரைச்சீலையும் துணியும் இருந்தால் குறையும். கடைசியாகச் சின்ன சவுண்ட்பார், ஏஆர்சி என்று எழுதிய துளையில்.

"யூடியூப் சுத்திக்கிட்டே இருக்கு"

டிவியில் தேதியும் நேரமும் சரியா பாருங்கள், தப்பாக இருந்தால் பல ஆப்கள் திறக்கவே திறக்காது. போன் ஹாட்ஸ்பாட்டில் பார்க்கிறவர்கள் தரத்தை 480-க்கு இறக்குங்கள், இல்லையென்றால் நாளைக்கு 2 ஜிபி என்ற பேக் ஒரு படத்துக்கே தாங்காது. ரௌட்டர் இரண்டு சுவர் தாண்டி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4-க்கு மாறுங்கள், அது தூரம் போகும்.

"தொட்டா ஜிவ்வுங்குது"

இதில் சோதனை எதுவும் நீங்கள் செய்ய வேண்டாம். டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் பிடுங்குங்கள். வீட்டில் எர்த் இல்லாமல் இருக்கலாம், கேபிள் ஒயரிலேயே வேறு வீட்டிலிருந்து மின்கசிவு வரலாம். எலக்ட்ரீஷியன் எர்த்தைப் பார்க்கட்டும், கேபிள்காரர் ஒயரைப் பார்க்கட்டும். அதுவரை டிவி இல்லாமல் இருங்கள்.

"திரையில கோடு" / "கறை"

வெள்ளைத் திட்டு மேலோட்டமாக இருந்தால் அது போர்த் தண்ணீரில் துடைத்த உப்பு. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பாத்திரத்தில் விடும் அதே வெள்ளைதான். டிவியை அணைத்து, மென்மையான துணியைக் குடிக்கும் கேன் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். திரைமேல் நேராகத் தெளிக்காதீர்கள், வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கினால் பேனலுக்கே ஆபத்து.

கோடு என்றால் ரிமோட்டில் டிவியின் மெனுவைத் திறங்கள். மெனு மேல் கோடு இல்லையென்றால் குறை பாக்ஸிலோ ஒயரிலோ. மெனு மேலும் கோடு ஓடினால் டிவிக்குள். வாரண்டி இருந்தால் பில்லோடு கம்பெனிக்குச் சொல்லுங்கள், வெளியே யாரையும் திறக்க விடாதீர்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடிபட்ட விரிசல் வாரண்டியில் வராது.

வாரண்டி முடிந்த டிவியில் மெல்லிய ஒற்றைக் கோடு என்றால் அப்படியே பார்த்துக்கொண்டிருங்கள் என்றுதான் சொல்வேன். பேனல் மாற்றும் செலவு புது டிவியின் விலையை நெருங்கும். கோடு நாளுக்கு நாள் கூடினால் அந்தப் பணத்தைப் புது டிவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிவியைத் தூக்கிப் போடாதீர்கள், நல்ல போர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் மெக்கானிக் ஒரு விலை கொடுப்பார்.